ஒற்றைக் குருத்து

நுழையும் முன்

வெப்ப நாட்டுக்கு உரிய தென்னை, குளிர் மிகுந்த இடங்களில் வளருமா? வளராது எனில் அதற்குக் காரணம் என்ன? பனிமலையில் வளரும் பனைகளும் உண்டா? ஊரைவிட்டுத் தொலைவில் வாழும் நம் வீடுகளில் அடிக்கடி எழும் இவ்வினாக்களுக்கு இப்பாடம் விடை கூறுகிறது.

ஊரிலிருந்து வந்த பிள்ளை

மாணவர்களே! தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கோடை விடுமுறை முடிந்து ஊரிலிருந்து புறப்படும் நாளில், தாத்தா முளைவிட்ட தேங்காய் ஒன்றைச் சாக்கில் சுற்றிப் பேத்தியிடம் தருகிறார். "இதை உன் கையால் நடு" என்கிறார். இரண்டு இரவுகள் தொடர்வண்டியில் பயணம் செய்த அக்கன்று, மழைக்காலத் தொடக்கத்தில் வீட்டின் முன்னுள்ள சிறு நிலத்தில் நடப்படுகிறது. ஆவணியில் ஒரு புதிய ஓலை விரிகிறது. தீபாவளிக்குள் மற்றோர் ஓலை தலைகாட்டுகிறது. ஒவ்வோர் ஓலையும் படமாகத் தாத்தாவின் கைப்பேசிக்குச் செல்கிறது.

பிறகு மார்கழி வருகிறது. மூடுபனி கதிரவனை மறைக்கிறது. தை மாதத்தில் ஓலைகளில் பழுப்புப் புள்ளிகள் தோன்றுகின்றன. மாசியில், நடுவே ஈட்டிபோல் நிற்கும் குருத்தைச் சிறுமி மெல்லத் தொடுகிறாள். அது வேரற்றது போல் கையோடு வந்துவிடுகிறது.

தென்னங்கன்றைத் 'தென்னம்பிள்ளை' என்று அழைப்பது தமிழர் வழக்கு. அவ்வீட்டினரும் பிள்ளையை இழந்தவர்போல் வருந்துகின்றனர். நீர் குறைந்ததா? உரம் குறைந்ததா? யார் செய்த பிழை இது? தாத்தாவிடம் என்ன சொல்வது?

பிழை எவருடையதும் அன்று. காரணத்தை அறிய வேண்டுமாயின், தென்னையின் உடலமைப்பை முதலில் அறிதல் வேண்டும்.

தென்னை மரமா, புல்லா?

தமிழின் தொன்மையான இலக்கண நூலாகிய தொல்காப்பியத்தில் மரபியல் என்னும் இயல் உள்ளது. அதில் தொல்காப்பியர் நிலைத்திணையை இரண்டாகப் பிரிக்கிறார். வெளிப்புறத்தில் வன்மை உடையவற்றைப் 'புல்' என்றும், உட்புறத்தில் வன்மை உடையவற்றை 'மரம்' என்றும் கூறுகிறார். இவ்வன்மைக்குக் 'காழ்' என்று பெயர். வேம்பின் அடிமரத்தை அறுத்தால் நடுப்பகுதியே உறுதியாக இருக்கும். ஆகவே அது மரம். தென்னையை அறுத்தால் வெளிப்பகுதி கல்போன்றும், உட்பகுதி மென்மையான நார்ச்சோறு போன்றும் இருக்கும். ஆகவே அது புல்.

இன்றைய தாவரவியலும் தென்னை, பனை, கமுகு, ஈச்சை ஆகியவற்றை வேம்பினின்று பிரித்து, நெல்லும் மூங்கிலும் அடங்கிய ஒருவித்திலைத் தாவரப் பிரிவிலேயே வைக்கிறது. உலகில் ஏறத்தாழ 2,500 வகைப் பனையினங்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை வெப்ப மண்டலத்தில் வாழ்வன.

வேப்பமரத்தின் பட்டைக்கு அடியில் வளர்படலம் என்னும் மெல்லிய அடுக்கு உண்டு. அது ஆண்டுதோறும் மரத்தைப் பருக்கச் செய்யும், காயங்களை மூடும். கிளையை வெட்டினாலும் வேறோர் இடத்தில் தளிர் தோன்றும். தென்னைக்கு அத்தகைய வளர்படலம் இல்லை. தண்டில் ஏற்பட்ட காயம் ஆறுவதில்லை. அதன் வளர்ச்சி முழுவதும் உச்சியில் உள்ள ஒரே ஒரு குருத்தில்தான் அடங்கியிருக்கிறது. ஓலை, பாளை, குலை ஆகிய அனைத்தும் அவ்விடத்திலிருந்தே தோன்றுகின்றன. கமுகும் பனையும் இவ்வாறே. அந்த ஒற்றைக் குருத்து அழிந்தால் மீண்டும் தளிர்க்க வேறு வழியில்லை. தில்லியில் சிறுமியின் கையோடு வந்தது அக்குருத்துதான்.

குளிர் என்ன செய்கிறது?

தென்னைக்கு ஆண்டுச் சராசரியாக 27 டிகிரி செல்சியஸ் வெப்பம் உகந்தது. காற்றில் ஈரமும் வேண்டும். அவ்வாறான இடத்தில் நன்கு வளர்ந்த நெட்டைத் தென்னை மாதத்திற்கு ஒன்றாக, ஆண்டிற்கு ஏறத்தாழ 12 ஓலைகளை விரிக்கும். ஒவ்வோர் ஓலையின் கக்கத்திலும் ஒரு பாளை தோன்றும். நம் ஊர்த் தோப்புகளில் ஆண்டு முழுவதும் காய் கிடைப்பதற்கு இதுவே காரணம்.

தில்லியில் சனவரி மாத இரவுகளின் சராசரி வெப்பம் 7 அல்லது 8 டிகிரிதான். சில இரவுகளில் அது 4 டிகிரிக்கும் கீழே இறங்கும். இக்குளிர் தென்னையை மூன்று வழிகளில் தாக்குகிறது.

முதலாவது, வேர். மண் குளிர்ந்தால் வேர் நீர் உறிஞ்சுவது குறைகிறது. ஆனால் ஓலைகளிலிருந்து நீர் ஆவியாதல் நிற்பதில்லை. எனவே ஈர மண்ணில் நிற்கும் கன்றும் நீரின்றி வாடுகிறது.

இரண்டாவது, உயிரணு. நீர் உறைவதற்கு முன்னரே, வெறும் குளிரிலேயே, வெப்ப நாட்டுத் தாவரங்களின் உயிரணுச் சவ்வுகள் கெடத் தொடங்குகின்றன. வெப்பம் சுழியத்திற்குக் கீழே சென்றால் திசுக்களில் உள்ள நீர் உறைந்து பனிப் படிகங்களாகிறது. படிகங்கள் உயிரணுக்களைச் சிதைக்கின்றன. ஓலைகளில் நாம் காணும் பழுப்புப் புள்ளிகள் இச்சிதைவின் அடையாளங்களே.

மூன்றாவது, நோய். குளிரால் நலிந்த குருத்துக்குள் பூஞ்சையும் நுண்ணுயிரிகளும் புகுகின்றன. குருத்தின் அடி உள்ளுக்குள் அழுகுகிறது. குளிர் தாக்கிய நாளன்று கன்று நலமாகவே தோன்றும். சில வாரங்கள் கழிந்த பின்னரே குருத்து கழன்று வரும். மார்கழியில் நேர்ந்த கேடு மாசியில் வெளிப்பட்டது இதனால்தான்.

அவ்வாறாயின், முதல் சில மாதங்கள் கன்று செழித்தது எப்படி? முளைக்கும் தேங்காயின் உள்ளே பஞ்சுபோன்ற தேங்காய்ப்பூ இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது தேங்காய்ப் பருப்பின் சத்தை உறிஞ்சி முளைக்கு ஊட்டுகிறது. இளங்கன்று பல மாதங்கள் இவ்வுணவையே பெரிதும் நம்பி வாழ்கிறது. தில்லி மண்ணில் நின்றபோதும், அது ஊரிலிருந்து கொண்டுவந்த கட்டுச்சோற்றை உண்டே வளர்ந்தது.

தொலைவு மட்டும் காரணமன்று

'தில்லி வடக்கே இருப்பதால் தென்னை வளரவில்லை' என்று கூறினால் அது பாதி விடையே. சென்னை 13 டிகிரி வட அகலாங்கில் உள்ளது. தில்லி ஏறத்தாழ 28.6 டிகிரியில் உள்ளது. தென்னை நன்கு விளைவது நிலநடுக்கோட்டின் இருபுறமும் 20 டிகிரிக்குள் என்பது பொது விதி. ஆயினும் இவ்விதிக்கு இரு விலக்குகளைக் காண்போம்.

தமிழ்நாட்டின் உதகமண்டலம் 11 டிகிரி அகலாங்கில், சென்னைக்கும் தெற்கே இருக்கிறது. ஆனால் அது கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் அமைந்தது. அங்கே மார்கழி, தை மாதங்களில் புல்வெளிகள் உறைபனியால் வெண்மையாகும். அங்குத் தென்னந்தோப்பு இல்லை. மலையிறங்கிப் பொள்ளாச்சிக்குச் சென்றால் கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை தென்னையே.

அஸ்ஸாமின் குவாஹாட்டி நகரம் 26 டிகிரி அகலாங்கில் உள்ளது. அங்கோ வீட்டுத் தோட்டங்களில் தென்னையும் கமுகும் நிற்கின்றன. பிரம்மபுத்திரா சமவெளியின் காற்றில் ஈரம் மிகுதி. குளிர்கால இரவுகளும் தில்லியினும் மிதமானவை. எனினும் அங்குள்ள தென்னைகளில் குளிர்காலத்தில் குரும்பை உதிர்வு மிகும். விளைச்சலும் தென்னகத்தைவிடக் குறைவு. 1916இல் அன்றைய சென்னை மாகாண அரசு காசர்கோட்டில் தொடங்கிய தென்னை ஆய்வு நிலையமே இன்றைய மத்தியத் தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம். அந்நிறுவனம் குவாஹாட்டிக்கு அருகில் காகிகுச்சியிலும் ஓர் ஆய்வு மையத்தை நடத்துகிறது.

ஆகவே, தொலைவோடு உயரம், காற்றின் ஈரம், இரவின் குளிர் ஆகியவற்றையும் சேர்த்தே எண்ண வேண்டும். தில்லியில் குளிர் மட்டும் இடையூறன்று. 40 டிகிரியைக் கடக்கும் கோடையும், 'லூ' எனப்படும் வறண்ட அனல்காற்றும் தென்னைக்கு ஏற்றவை அல்ல.

கண்ணாடி மாளிகை

இங்கிலாந்து நாட்டவர் தங்கள் குளிர் நாட்டில் வெப்ப மண்டலப் பனைகளை வளர்க்க விரும்பினர். இலண்டனை அடுத்த கியூ தாவரத் தோட்டத்தில் 1844ஆம் ஆண்டு முதல் 1848ஆம் ஆண்டு வரை இரும்பாலும் கண்ணாடியாலும் 'பனை இல்லம்' ஒன்றைக் கட்டினர். டெசிமஸ் பர்ட்டன் என்னும் கட்டடக் கலைஞரும் ரிச்சர்டு டர்னர் என்னும் இரும்புப் பொறியாளரும் சேர்ந்து அதனை உருவாக்கினர். அதன் நீளம் ஏறத்தாழ 110 மீட்டர்.

கதிரவன் ஒளி கண்ணாடி வழியே உள்ளே நுழையும். சூடான காற்று வெளியேறாமல் தங்கும். ஆனால் இலண்டனின் குளிர்காலத்திற்கு அது போதாது. எனவே கட்டடத்தின் அடியில் நிலக்கரிக் கொதிகலன்களை அமைத்து உள்ளே வெப்பமூட்டினர். புகை கண்ணாடியை மறைக்காதிருக்க, அதைச் சுரங்கவழி ஒன்றின் மூலம் தொலைவில் உள்ள கோபுரத்திற்குக் கொண்டுசென்று வெளியேற்றினர்.

அம்மாளிகை இன்றும் நிற்கிறது. ஆயினும் உயர்ந்து வளரும் பனைகள் ஒருநாள் கூரையை எட்டிவிடுகின்றன. தண்டை நறுக்கிக் குட்டையாக்க இயலாது; ஏனெனில் உச்சியில்தான் அந்த ஒற்றைக் குருத்து உள்ளது. எனவே அத்தகைய மரத்தை முழுவதும் அகற்ற வேண்டியதாகிறது.

உறைபனியில் நிற்கும் பனைகள்

பனைக்கும் பனிக்கும் எழுத்தளவில் வேறுபாடு சிறிது. இயல்பளவில் பெரிது என்று நாம் எண்ணுவோம். ஆனால் பனிமலையிலேயே பிறந்து வளரும் பனைகளும் உண்டு. அவற்றுள் ஒன்று நம் நாட்டிலேயே உள்ளது.

உத்தரகண்ட் மாநிலத்தின் குமாவுன் மலைப்பகுதியில், பித்தோராகர் வட்டாரத்தில், 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் ஒருவகைப் பனை வளர்கிறது. ஒடோவார்தோ பெக்காரி என்னும் இத்தாலியத் தாவரவியலறிஞர் 1905இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். விசிறிபோன்ற ஓலைகளை உடைய இப்பனை, குளிர்காலத்தில் பனிப்பொழிவைத் தாங்கி நிற்கிறது. இயற்கையாக வளரும் மரங்கள் இன்று மிகக் குறைவு. ஆகவே இது பாதுகாக்கப்பட வேண்டிய இனமாகும்.

இதன் உறவினமான சீன விசிறிப்பனை ஏறத்தாழ மைனஸ் 15 டிகிரிக் குளிரையும் தாங்கவல்லது. சீனத்திலிருந்து தேயிலைக் கன்றுகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்த இராபர்ட் பார்ச்சூன் என்பவரே, 1849இல் இப்பனைக் கன்றுகளைக் கியூ தோட்டத்திற்கு அனுப்பினார். கண்ணாடி மாளிகை இன்றித் திறந்த வெளியிலேயே அவை வளர்ந்தன. இன்று இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டங்களிலும் இப்பனையைக் காணலாம்.

இப்பனைகளின் தண்டை நார்ப்போர்வை சுற்றியிருக்கும். ஆயினும் அவை குளிரைத் தாங்குவதற்கு அப்போர்வை மட்டும் காரணமன்று. எண்ணற்ற தலைமுறைகளாகக் குளிர்நிலத்தில் வாழ்ந்ததில், குளிரைத் தாங்காதவை மடிந்தன. தாங்கியவற்றின் விதைகளே எஞ்சின. தென்னைக்கு அத்தகைய வரலாறு இல்லை. கடற்கரையில் பிறந்த அது, குளிரை எதிர்கொள்ளத் தேவையின்றியே வாழ்ந்துவந்தது.

மண்ணுள் மறைந்த குருத்து

நம் மாநில மரமாகிய பனையின் வழி வேறு. பொங்கல் காலத்தில் ஊரிலிருந்து பனங்கிழங்கு வந்திருந்தால் உண்டிருப்பீர்கள். பனங்கொட்டையிலிருந்து வரும் முளை மேல்நோக்கி எழுவதில்லை. முதலில் மண்ணுக்குள் ஆழமாக இறங்குகிறது. அங்கே மாவுச்சத்தைச் சேமித்துக் கிழங்காகப் பருக்கிறது. கிழங்கைப் பிளந்தால் நடுவே மெல்லிய குருத்து ஒன்று இருக்கும். பனையின் உயிர் அதுவே.

தண்டு வெளியே தோன்றும்வரை, பல ஆண்டுகள் பனையின் வளர்நுனி மண்ணுக்குள்ளேயே பாதுகாப்பாக இருக்கிறது. வெயில், தீ, கால்நடை, குளிர் ஆகியவற்றால் வெளியே உள்ள ஓலை கருகினும் மீண்டும் ஓலை விடும். குளிர்காலம் கடுமையாக இருக்கும் பீகாரிலும் பனைகள் நிறைந்திருப்பதை, தொடர்வண்டிச் சன்னல் வழியே காணலாம். அங்கே இதனைத் 'தாட்' என்பர்.

வடஇந்தியச் சமவெளியில் வளரும் மற்றொரு பனையினம் காட்டு ஈச்சை. உங்கள் நண்பர்கள் 'கஜூர்' என்று கூறும் மரங்களுள் இதுவும் ஒன்று. வங்காளத்தில் குளிர்காலத்தில்தான் இதன் பதநீரை இறக்கி மணமிக்க வெல்லம் காய்ச்சுகின்றனர். தென்னை அஞ்சும் பருவமே ஈச்சைக்கு அறுவடைக் காலமாகிறது.

குளிர் நகரில் தென்னம்பிள்ளை வளர்க்கும் முறை

தென்னை தில்லியில் காய்க்க வேண்டும் என்று எதிர்பார்த்தல் பொருந்தாது. ஆனால் ஒரு கன்றைச் சில ஆண்டுகள் ஓலையழகோடு காக்க இயலும். கீழ்க்காணும் முறைகளைப் பின்பற்றலாம்.

1. கன்றை நிலத்தில் நடாமல் பெரிய தொட்டியில் நடுக. குளிர்காலத்தில் தொட்டியை வீட்டிற்குள், தெற்குச் சன்னலின் அருகில் வைக்கலாம். குளிர்காலத்தில் கதிரவன் தெற்கே சாய்ந்து செல்வதால் அங்கே ஒளி மிகுதியாகக் கிடைக்கும்.

2. நடுவதற்கும் தொட்டி மாற்றுவதற்கும் மழைக்காலத் தொடக்கமே ஏற்றது. வெதுவெதுப்பான மண்ணில்தான் புதுவேர் விரைந்து வளரும்.

3. வெளியிலேயே வைக்க வேண்டியிருப்பின், தெற்கு நோக்கிய சுவரை ஒட்டி வைக்க. பகலில் அச்சுவர் ஏற்ற வெப்பத்தை இரவில் மெல்ல வெளியிடும்.

4. முகிலும் காற்றும் இல்லாத இரவுகளில்தான் உறைபனி இறங்கும்; நிலத்தின் வெப்பம் தடையின்றி மேலே சென்றுவிடும். அத்தகைய மாலையில் ஓலைகளைக் குருத்தின்மேல் கூட்டித் தளர்வாகக் கட்டிச் சாக்கினால் போர்த்துக. காலையில் வெயில் வந்ததும் போர்வையை நீக்குக.

5. குளிர்காலத்தில் நீரைக் குறைத்து, மண்ணில் மட்டும் ஊற்றுக. குருத்தின்மேல் ஊற்றலாகாது. தேங்கிய நீர் அழுகலை வரவழைக்கும்.

6. பழுப்பேறிய ஓலைகளை உடனே வெட்டாதீர்கள். அவை குருத்துக்குப் போர்வையாக இருக்கும். பங்குனியில் குளிர் முழுவதும் நீங்கிய பின் வெட்டலாம்.

7. குருத்து உறுதியாக நின்றால், ஓலைகள் கருகியிருப்பினும் நம்பிக்கை இழக்க வேண்டா. வெப்பம் திரும்பியதும் புதிய ஓலை தோன்றும். முதலில் வரும் ஓலை சுருங்கியோ சிதைந்தோ இருக்கலாம்; அடுத்தடுத்த ஓலைகள் சீராகும்.

தாத்தாவிடம் கூற வேண்டியது

இப்போது அச்சிறுமி தாத்தாவிடம் என்ன கூறுவாள்? கன்று மடிந்த செய்தியை மறைக்க வேண்டிய தேவை இல்லை. நீரும் உரமும் குறையவில்லை என்றும், குளிர் குருத்தைத் தாக்கிற்று என்றும் அவள் விளக்கலாம். அடுத்த முறை தரும் தென்னம்பிள்ளையைத் தொட்டியில் வளர்ப்பதாகவும், கார்த்திகை முடிவதற்குள் வீட்டிற்குள் எடுத்துவைப்பதாகவும் உறுதி கூறலாம்.

இன்னொன்றும் கேட்கலாம். பள்ளியிலோ பூங்காவிலோ நிலையான இடம் கிடைக்குமாயின், இரண்டு பனங்கொட்டைகளைக் கொண்டுவரச் சொல்லலாம். பனைக்குத் தொட்டி பொருந்தாது; அதன் முளை ஆழத்தை நாடுவது. அதனை நட்ட இடத்திலிருந்து பெயர்த்து வைத்தலும் அரிது. அது காய்க்கப் பதினைந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம். அதற்குள் அச்சிறுமி வளர்ந்து வேறோர் ஊருக்குச் சென்றிருக்கவும் கூடும். முதல் சில ஆண்டுகளில் ஓரிரு ஓலைகளே வெளியே தெரியும். அப்போதும் குருத்து மண்ணுக்குள் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

சொல்லும் பொருளும்

நிலைத்திணை – ஓரிடத்தில் நிலைத்து வாழும் தாவரங்கள்
காழ் – வன்மை, உறுதியான பகுதி
குருத்து – விரியாத இளம் ஓலை, வளரும் நுனி
பாளை – தென்னை, பனை முதலியவற்றின் பூங்கொத்தும் அதனை மூடிய மடலும்
குரும்பை – தென்னை, பனை முதலியவற்றின் இளம்பிஞ்சு
உறைபனி – உறைந்து வெண்மையாகப் படியும் பனி

சிந்தித்து விடை எழுதுக

1. தொல்காப்பியர் தென்னை போன்றவற்றைப் 'புல்' என்னும் பிரிவில் அடக்கக் காரணம் என்ன?
2. மார்கழியில் நேர்ந்த கேடு மாசியில் வெளிப்பட்டது ஏன்?
3. உதகமண்டலம், குவாஹாட்டி ஆகிய ஊர்களைக் கொண்டு 'தொலைவு மட்டும் காரணமன்று' என்பதை விளக்குக.
4. தென்னங்குருத்தும் பனங்குருத்தும் இளமையில் எவ்வாறு வேறுபடுகின்றன?

செய்து பார்ப்போம்

நீங்கள் வாழும் ஊரில் காணும் பனையினங்களைப் பட்டியலிடுக. அவற்றின் பெயரை அவ்வூர் மொழியிலும் தமிழிலும் எழுதுக. அவற்றுள் ஒன்றைப் பற்றி, ஊரில் உள்ள தாத்தாவுக்கோ பாட்டிக்கோ பத்து வரிகளில் கடிதம் எழுதுக.